பழைய டீசல் எஸ்யூவி இழுக்க மாட்டேங்குதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2005ல இருந்து 2017 வரைக்கும் வந்த காமன்ரெயில் (அதிக அழுத்தத்துல டீசல ஒரே பைப்புல வச்சு எல்லா சிலிண்டருக்கும் பிரிச்சுக் குடுக்கற முறை) டீசல் எஸ்யூவிகளை மனசுல வச்சு எழுதினது இது. ஸ்கார்பியோ, சஃபாரி, எக்ஸ்யூவி500, ஃபார்ச்சூனர் மாதிரி வண்டிங்க, ஒன்றரை லட்சம் ரெண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டினது. உதாரணத்துக்கு பெரும்பாலும் ஸ்கார்பியோ 2.2 எம்ஹாக்கை எடுத்துக்கறேன், நம்ம ஊர்ல எந்தத் தெருவுல பாத்தாலும் ஒண்ணு நிக்குது, பார்ட்ஸும் எல்லா ஊர்லயும் கிடைக்குது. பெட்ரோல் வண்டிக்காரங்களுக்கு கடைசிப் பக்கம் கொஞ்சம் இருக்கு.

வண்டி பழசாச்சு, 2 லட்சம் ஓடிருச்சு. பிக்கப் குறையறது சகஜம்தானே?

இல்லங்க. எஞ்சின் தேய்மானத்தால குறையற பவர் வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா போறது, தினம் ஓட்டற ஆளுக்கு அது தெரியவே தெரியாது. "முன்ன மாதிரி இழுக்கல"ன்னு உங்களுக்கே உறைக்குதுன்னா எங்கயோ ஏதோ ஒரு பார்ட் வேலையை நிறுத்திடுச்சுன்னு அர்த்தம், பெரும்பாலும் அது சின்ன பார்ட்டாதான் இருக்கும். எம்ஹாக் எஞ்சின் புதுசுல 120 குதிரைத்திறன், 290 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தச் சுத்தற இழுவை பலம்), அதுவும் 1800ல இருந்து 2800 ஆர்பிஎம்குள்ள முழுசா கிடைக்கும். ஆளும் சாமானும் ஏத்தினா ரெண்டு டன்னைத் தாண்டற வண்டிய இழுக்கறது அந்த நடு ஆர்பிஎம் டார்க்தான். அந்த டார்க் டர்போவ, அதாவது புகையோட வேகத்துல சுத்தி எஞ்சினுக்குள்ள காத்த அழுத்தித் தள்ளற பார்ட்ட, நம்பி இருக்கு. டர்போ காத்து சரியா உள்ள போகலன்னா மிச்சம் இருக்கறது வெறும் 2.2 லிட்டர் சாதா டீசல், அது இவ்ளோ வெயிட்ட எப்படி இழுக்கும்?

இன்னொண்ணு, பிரச்சினை திடீர்னு வந்ததா மெதுவா வந்ததான்னு யோசிச்சு வைங்க. நேத்து நல்லா இருந்தது இன்னைக்கு இல்லன்னா ஹோஸ் கழண்டிருக்கும், சென்சார் போயிருக்கும், வேக்யூம் ட்யூப் விட்டிருக்கும். ஆறு மாசமா இறங்கிட்டே வந்ததுன்னா ஃபில்டர், கரி, கிளட்ச், இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள்ள டீசல பீய்ச்சறது) பக்கம் பாக்கணும்.

முதல்ல எங்க இருந்து ஆரம்பிக்கறது?

பானட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்விக்கு பதில் கண்டுபிடிங்க. எஞ்சின் பவரே குடுக்கலயா, இல்ல குடுக்கற பவர் சக்கரத்துக்கு வந்து சேரலயா? இத பிரிக்காம நேரா டர்போவுக்குப் போறதாலதான் பாதி பேருக்கு பணம் போகுது.

காலியான நேர் ரோடு, ட்ராஃபிக் இல்லாத நேரம், ஏசி ஆஃப். மூணாவது கியர்ல 40ல போய்ட்டிருக்கும்போது பெடலை முழுசா மிதிச்சு 80 வர எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பக்கத்துல உக்காந்திருக்கற ஆள் மீட்டர வீடியோ எடுக்கட்டும். அதே ரோட்டுல திரும்பி வரும்போதும் ஒரு தடவை, ஏன்னா காத்தும் லேசான ஏத்தமும் ஏமாத்தும். இந்த வீடியோவ வச்சுக்கங்க. பின்னாடி ஒவ்வொரு வேலை முடிஞ்சதும் அதே ரோட்டுல அதே கியர்ல எடுத்து ஒப்பிட்டுப் பாத்தாதான் உண்மையிலயே சரியாச்சா, இல்ல காசு குடுத்த திருப்தியில நல்லா இழுக்கற மாதிரி தோணுதான்னு தெரியும்.

வீடியோவுல ரெண்டு முள்ளையும் பாருங்க. ஆர்பிஎம் முள் வேகமா ஏறுது, ஸ்பீடு முள் பின்னாடியே நிக்குதுன்னா கிளட்ச். ரெண்டும் சேந்தே மெதுவா ஏறுதுன்னா எஞ்சின் பலவீனம், இல்லன்னா ஏதோ ஒண்ணு வண்டிய பிடிச்சு இழுக்குது.

கிளட்ச் வழுக்குதுன்னா எப்படி உறுதி பண்றது?

நாலாவது இல்ல அஞ்சாவது கியர்ல 50 பக்கம் போய்ட்டு முழு பெடல் குடுங்க. கிளட்ச் தேஞ்சிருந்தா டார்க் உச்சத்துக்கு வர்ற 2000 ஆர்பிஎம் பக்கத்துல முள் திடீர்னு துள்ளும், வண்டி துள்ளாது. மேட்டுல நல்லா தெரியும், கூடவே கருகின வாடை வரும். ஹேண்ட்பிரேக் போட்டு நாலாவது கியர்ல கிளட்ச விட்டு எஞ்சின் ஆஃப் ஆகுதான்னு பாக்கற பழைய டெஸ்ட்டும் இருக்கு, ஆனா பாதி தேஞ்ச கிளட்ச் அதுல பாஸ் ஆயிடும், அதனால ரோட்டுல பாக்கறதுதான் நம்பகமானது. இந்த வயசு வண்டிகள்ல டூயல் மாஸ் ஃப்ளைவீல் (நடுவுல ஸ்பிரிங் வச்ச ரெண்டு துண்டு ஃப்ளைவீல்) இருந்தா கிளட்ச் இறக்கும்போதே அதையும் பாத்துடுங்க, கியர்பாக்ஸ் ரெண்டு தடவை இறக்கற கூலி மிச்சம்.

பிரேக் பிடிச்சுக்கிட்டே இருந்தாலும் இப்படித்தான் இருக்குமா?

அச்சு அசல் இப்படித்தான் இருக்கும், மைலேஜும் சேந்து குறையும். ஒரு பத்து கிலோமீட்டர் பிரேக்க அதிகம் தொடாம ஓட்டிட்டு வந்து நாலு சக்கரத்தோட நடுப்பகுதி கிட்டயும் கையக் கொண்டு போங்க. தொடாதீங்க, சுட்டுடும், பக்கத்துல கொண்டு போனாலே சூடு தெரியும். ஒண்ணு மட்டும் அனலா அடிக்குதுன்னா அந்தப் பக்கம் காலிப்பர் பின் துரு பிடிச்சு நகராம இருக்கும், இல்ல பிரேக் ஹோஸ் உள்ள வீங்கிப்போய் ஆயில் திரும்பி வராம இருக்கும். ஹோஸ் வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கும், இதுதான் நிறைய பேர் கோட்டை விடற இடம். ஜாக்கி போட்டு தூக்கி கையால சுத்திப் பாத்தா முடிஞ்சுது. மழைக்காலத்துல ரொம்ப நாள் நிறுத்தி வச்ச வண்டிக்கு பின்னாடி ஹேண்ட்பிரேக் கேபிளையும் பாருங்க.

புகைய வச்சு என்ன கண்டுபிடிக்கலாம்?

நிறைய. பின்னாடி இன்னொரு வண்டியில நண்பர வரச் சொல்லுங்க, நீங்க முழு பெடல் குடுக்கும்போது என்ன கலர்ல வருதுன்னு அவர் சொல்லட்டும், கண்ணாடியில நீங்க பாக்கறது பத்தாது.

கரும்புகை தள்ளுதுன்னா டீசல் வருது, அத எரிக்க காத்து பத்தல. ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், டர்போ, ஈஜிஆர் (கொஞ்சம் புகைய திரும்ப எஞ்சினுக்குள்ள விடற வால்வு), இந்த நாலுக்குள்ளதான் பெரும்பாலும் முடியும், அபூர்வமா இன்ஜெக்டர் ஒழுக்கு. நீலப்புகைன்னா ஆயில் எரியுது. வெள்ளைப்புகை சூடான எஞ்சின்ல வந்தா எரியாத டீசல், இல்லன்னா கூலன்ட் உள்ள போகுது. கூலன்ட் லெவல் குறையுதான்னு பாருங்க.

ரொம்ப பேருக்குக் குழப்பமானது புகையே இல்லாம இழுக்காம இருக்கறது. அப்படின்னா டீசலே பத்தல, இல்ல ஈசியூ (எஞ்சினக் கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) வேணும்னே டீசலக் குறைச்சு குடுக்குது. முதல்ல சொன்ன நாலையும் விட்டுட்டு நேரா டீசல் லைனுக்கும் ஸ்கேனருக்கும் போயிடலாம்.

ஏர் ஃபில்டர் புதுசு போட்டாச்சு, இன்னும் கரும்புகைதான். அடுத்து?

டர்போவுல இருந்து இன்டர்கூலருக்கும் (அந்த சூடான காத்த ஆற வைக்கற ரேடியேட்டர்), இன்டர்கூலர்ல இருந்து எஞ்சினுக்கும் போற ரப்பர் ஹோஸ்கள். என் கணக்குல பழைய டீசல் எஸ்யூவி இழுக்காம போறதுக்கு முதல் குற்றவாளி இதுதான், மாத்த ஆகறது ஒரு ஹோஸும் ஒரு கிளாம்ப்பும்.

இது ஏன் கண்ல படாம தப்பிக்குதுன்னா ஐடிலிங்ல, அதாவது பெடல் தொடாம எஞ்சின் சும்மா ஓடும்போது, அந்த ஹோஸ்ல பிரஷரே கிடையாது. மெக்கானிக் பானட்டைத் திறந்து வச்சு எஞ்சின ஓட விட்டு காது குடுத்துக் கேப்பார், ஒரு சத்தமும் வராது, "ஹோஸ் எல்லாம் நல்லாருக்கு சார்"னு சொல்லிடுவார். ரோட்டுல லோடுல ஒரு பார் பூஸ்ட் (டர்போ தள்ளற காத்தோட அழுத்தம்) ஏறும்போதுதான் அந்த வெடிப்பு வாய் திறக்கும். ஓட்டும்போது கண்ணாடிய இறக்கி விட்டு கேளுங்க, பெடல் மிதிக்கும்போது மட்டும் உஸ்ஸ்ஸுன்னு காத்து போற சத்தம் வந்து கால எடுத்ததும் நின்னா இதான்.

ஹோஸோட அடிப்பக்கத்துக்கு கைய விட்டு தடவிப் பாருங்க, மேல நல்லா இருந்து கீழ வெடிச்சிருக்கும். அந்தக் காத்துல எப்பவும் கொஞ்சம் ஆயில் ஈரம் இருக்கும், அதனால ஒழுகற இடத்துல மட்டும் கருப்பா பிசுபிசுன்னு தூசி ஒட்டியிருக்கும். உறுதியா தெரியணும்னா டர்போ காத்து இழுக்கற வாய அடைச்சு ஒரு வால்வு வச்சு ஒரு பார் அளவுக்கு கம்ப்ரசர் காத்து விட்டு சோப்புத்தண்ணி தெளிச்சுப் பாக்கணும். டயர் பஞ்சர் கடையில தண்ணித்தொட்டியில ட்யூப முக்கறோம்ல அதே வேலைதான். இன்டர்கூலரும் ரெண்டு ஓரத்துல பிளாஸ்டிக் அலுமினியம் சேர்ற இடத்துல விரிசல் விடும், அதுவும் இந்த டெஸ்ட்லயே மாட்டிக்கும்.

ஹோஸ் உள்ள ஆயில் படலம் இருக்கேன்னு பயந்துடாதீங்க, லேசா இருக்கறது வழக்கம். கழட்டும்போது கொட்டற அளவுக்கு இருந்தாதான் டர்போ சீல் இல்ல எஞ்சின் பிரீதர் (எஞ்சின் உள்ள சேர்ற ஆவிய வெளிய விடற குழாய்) பக்கம் பாக்கணும்.

மெக்கானிக் டர்போ போச்சு, மாத்தணும்னு சொல்றார். நம்பலாமா?

எத வச்சு சொல்றார்னு கேளுங்க. டர்போ உண்மையிலயே போயிருந்தா சத்தம் வரும், சைரன் மாதிரி ஊளையிடும், ஆயில் குடிக்கும், ஷாஃப்ட்ட விரலால பிடிச்சா முன்னும் பின்னும் ஆடும். பக்கவாட்டுல லேசா ஆடறது ஆயில் பிரஷர் இல்லாதப்போ இருக்கறதுதான், முன்பின் ஆட்டம்தான் கூடாது, பிளேடு ஹவுசிங்ல உரசின கோடும் இருக்கக்கூடாது.

இது ஒண்ணும் இல்லாம பவர் மட்டும் இல்லன்னா, டர்போ நல்லா இருந்து அதைக் கன்ட்ரோல் பண்றது போயிருக்க வாய்ப்பு அதிகம். எம்ஹாக்ல இருக்கறது விஜிடி, அதாவது காத்து வழிய கூட்டிக் குறைக்கற டர்போ. அதுல எக்சாஸ்ட் பக்கம் சின்னச் சின்ன தகடுகள் இருக்கும், குறைஞ்ச ஆர்பிஎம்ல மூடிக்கிட்டு வேகத்தக் கூட்டும், ஆர்பிஎம் ஏறினதும் திறந்து விடும். இந்த வயசு வண்டிகள் நிறையதுல அந்தத் தகடுகளை அசைக்கறது ஒரு வேக்யூம் டப்பாவும் அதுல இருந்து வர்ற ஒரு கம்பியும், சிலதுல எலக்ட்ரிக் மோட்டார்.

வேக்யூம் வகைய வீட்டுலயே பாக்கலாம். எஞ்சின ஸ்டார்ட் பண்ணச் சொல்லி அந்தக் கம்பியப் பாருங்க, ஐடிலிங்ல உள்ள இழுக்கணும், ஆஃப் பண்ணதும் திரும்ப வரணும். நகரவே இல்லன்னா உடனே டர்போவக் குறை சொல்லாதீங்க. டப்பாவுக்கு வர்ற பென்சில் தடிமன் ரப்பர் ட்யூப கழட்டி விரல வச்சு உறிஞ்சுதான்னு பாருங்க. உறிஞ்சலன்னா ட்யூப் வெடிச்சிருக்கு, இல்ல நடுவுல இருக்கற சொலினாய்டு வால்வு (கரண்ட்ல திறந்து மூடறது) போச்சு, இல்ல வேக்யூம் பம்ப்பே பலவீனம். பிரேக் பூஸ்டருக்கும் அதே பம்ப்தான் வேக்யூம் குடுக்குது, அதனால பிக்கப் இல்லாம பிரேக் பெடலும் கெட்டியா இருக்குதுன்னா நேரா பம்ப்பப் பாருங்க. உறிஞ்சுது ஆனா கம்பி நகரலன்னா கையால் இயக்கற வேக்யூம் பம்ப்ப மாட்டிப் பாருங்க, வேக்யூம் நிக்காம இறங்கினா டப்பாவோட டயஃப்ரம் (உள்ள இருக்கற ரப்பர் சவ்வு) கிழிஞ்சிருக்கு. வேக்யூம் நிக்குது, கம்பி பாதியில மாட்டுதுன்னா உள்ள தகடுகள்ல கரி ஒட்டியிருக்கு. அப்பவும் கழட்டி கிளீன் பண்ணினா நிறைய டர்போ திரும்ப வேலை செய்யும்.

தகடு திறந்த நிலையில மாட்டினா 2200, 2300 வரைக்கும் வண்டி செத்த மாதிரி இருந்து அப்புறம் இழுக்கும். மூடின நிலையில மாட்டினா நேர் எதிர், கீழ நல்லா இருக்கும், ஹைவேல ஓவர்டேக் பண்ணப் போகும்போது பூஸ்ட் எகிறி ஈசியூ பவரக் கட் பண்ணிடும்.

ஹைவேல திடீர்னு பவர் போயிடுது, 3000க்கு மேல ஏற மாட்டேங்குது. ஓரமா நிறுத்தி சாவி ஆஃப் ஆன் பண்ணா சரியாயிடுது. ஏன்?

அது லிம்ப் மோட். ஏதோ ஒரு அளவு ஈசியூ எதிர்பாத்ததுக்கு ரொம்ப விலகிப் போச்சு, எஞ்சினக் காப்பாத்த டீசலக் குறைச்சுடுச்சு, சாவி ஆஃப் பண்ணதும் கணக்க புதுசா ஆரம்பிக்குது. இப்படி சாவியால சரியாகறதுன்னாலே முக்காவாசி பூஸ்ட் பிரச்சினை, மிச்சம் ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போற டீசலோட அழுத்தம்). செக் எஞ்சின் லைட் அணைஞ்சிருந்தாலும் எந்தக் குறைன்னு சொல்ற கோட் மெமரியில இருக்கும், அதனால ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடி யாரும் பேட்டரிய கழட்டாம பாத்துக்கங்க, இருக்கற ஒரே தடயமும் போயிடும்.

ஓவர்டேக் நடுவுல இது வந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். சரி பண்ற வரைக்கும் ரெண்டு வழி ரோட்டுல லாரியத் தாண்டற வேலை வேண்டாம்.

ஸ்கேனர்ல கோட் வந்தா அந்த பார்ட்ட மாத்திட்டா போதும்ல?

போதாது. கோட் சொல்றது அறிகுறி. பி0299ன்னா பூஸ்ட் கம்மின்னு அர்த்தம், டர்போ மாத்துன்னு அது சொல்லல, வெடிச்ச ஹோஸுக்கும் அதே கோட்தான் வரும். பி0234ன்னா பூஸ்ட் அதிகம். பி0087ன்னா ரெயில் பிரஷர் கம்மி, ஒரு அடைச்ச டீசல் ஃபில்டர் போதும் இது வர. பி0401, பி0402 ஈஜிஆர் ஓட்டம் பத்தினது, பி0101 காத்து அளக்கற எம்ஏஎஃப் சென்சார் அளவு பொருந்தலன்னு சொல்றது.

கோட்ட விட லைவ் டேட்டா பத்து மடங்கு உபயோகம். வண்டியோட ஸ்கேனர் சாக்கெட்டுல மாட்டற சின்ன ப்ளூடூத் ஓபிடி அடாப்டரும் போன்ல ஒரு ஆப்பும் இருந்தா சிலது நீங்களே பாக்கலாம், எல்லா வண்டியும் எல்லாத்தையும் காட்டாது, அதுக்கு கம்பெனி ஸ்கேனர் வேணும். எஞ்சின் ஓடாம சாவி மட்டும் ஆன்ல இருக்கும்போது மேப் சென்சார் (எஞ்சினுக்குப் போற காத்தோட அழுத்தத்த அளக்கறது) வெளிக்காத்து அழுத்தத்தக் காட்டணும், சென்னையில 100 கிலோபாஸ்கல் பக்கம், ஊட்டியில 77, 78. அதுவே தப்பா காட்டினா சென்சாரே பொய் சொல்லுது. அப்புறம் மூணாவது கியர் முழு பெடல், 2500 ஆர்பிஎம்ல இந்த மாதிரி எஞ்சின்ல 200ஐத் தாண்டணும். 130, 140லயே நின்னா பூஸ்ட் வரல, மேல சொன்ன ஹோஸ் வேக்யூம் வேலைய ஆரம்பிங்க. பூஸ்ட் நல்லா வருது ஆனா இழுக்கலன்னா டீசல் பக்கம்.

ரெயில் பிரஷர்ல ரெண்டு நம்பர் இருக்கும், ஈசியூ கேக்கறது ஒண்ணு, உண்மையில வர்றது ஒண்ணு. ஐடிலிங்ல 250, 300 பார் பக்கம் ரெண்டும் ஒட்டியே நிக்கும், அங்க வித்தியாசம் தெரியாது. முழு லோடுல கேக்கறது 1400, 1600க்குப் போகும், அப்ப வர்றது பின்தங்கினா பிரச்சினை அங்கதான். ரோட்டுல ஓட்டிட்டே ரெக்கார்ட் பண்ணுங்க, ஷெட்ல நிறுத்தி வச்சு ஸ்கேன் பண்றதுல பாதி விஷயம் வெளிய வராது. போன பக்கத்து சீட்டுக்காரர் பாக்கட்டும்.

எம்ஏஎஃப் சென்சார கழட்டிட்டு ஓட்டினா நல்லா இழுக்குது. அப்படியே விட்டுடலாமா?

வேண்டாம், ஆனா நல்ல க்ளூ. கனெக்டர கழட்டினா நிறைய வண்டிகள்ல ஈசியூ தன்கிட்ட இருக்கற பொது கணக்கப் பயன்படுத்தும், அதுல நல்லா ஓடுதுன்னா சென்சார் குறைச்சு காட்டிக்கிட்டு இருந்திருக்கு. சிலதுல கழட்டினாலே வண்டி லிம்ப் மோடுக்குப் போயிடும், அதனால எல்லா வண்டிக்கும் இந்த டெஸ்ட் ஒத்து வராது. ஆயில் போட்டு கழுவற காட்டன் ஃபில்டர் மாட்டினவங்களுக்கு இது அடிக்கடி வரும், அந்த ஆயில் சென்சார்ல படிஞ்சுடும். அதுக்குன்னே இருக்கற எம்ஏஎஃப் க்ளீனர் ஸ்ப்ரே மட்டும் அடிங்க, கார்ப் க்ளீனர் (கார்புரேட்டர் கழுவற ஸ்ப்ரே) அடிச்சா சென்சார் செத்துடும்.

கணக்கு போட்டும் பாக்கலாம். 2.2 லிட்டர் எஞ்சின் 800 ஆர்பிஎம்ல சுத்தும்போது, ஈஜிஆர் மூடியிருந்தா, செகண்டுக்கு 14 கிராம் காத்து பக்கம் இழுக்கணும். ஈஜிஆர் திறந்திருந்தா இது வெகுவா குறையும். ஈஜிஆர் மூடியிருக்கறது உறுதியா தெரிஞ்சும் 7, 8 காட்டுதுன்னா சென்சார் அழுக்கு, இல்ல காத்து வர்ற வழி அடைச்சிருக்கு.

ஈஜிஆர ப்ளேட் போட்டு அடைச்சுடச் சொல்றாங்களே?

ஈஜிஆர் வால்வு திறந்தே மாட்டிக்கிட்டா புகையே திரும்ப எஞ்சினுக்குள்ள போகும், கீழ் ஆர்பிஎம்ல வண்டி திணறும், கரும்புகை வரும். வேக்யூம் ஈஜிஆரா இருந்தா அதுக்குப் போற ட்யூப கழட்டி முனைய ஒரு ஸ்க்ரூ வச்சு அடைச்சுட்டு ஓட்டிப் பாருங்க, உடனே நல்லா இழுத்தா வால்வு தப்பான நேரத்துல திறக்குதுன்னு தெரிஞ்சிடும். ஆனா கரியில மாட்டி திறந்தே நிக்கற வால்வுக்கு இந்த டெஸ்ட் பதில் சொல்லாது, கழட்டித்தான் பாக்கணும். சோதிச்சு முடிச்சதும் ட்யூப திரும்ப மாட்டிடுங்க.

நிரந்தரமா அடைக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல. மாசு அளவு கூடும், செக் லைட் எரியும், அப்புறம் உண்மையான கோட் வந்தாலும் "அது ஈஜிஆர் லைட்டுதான்"னு கவனிக்காம விட்டுடுவீங்க. கழட்டி கரிய சுரண்டி சுத்தம் பண்ணுங்க, அப்படியே இன்டேக் மேனிஃபோல்டு வாயையும் பாருங்க, 2 லட்சம் ஓடின எஞ்சின்ல கரியும் ஆயிலும் சேந்து வழி பாதியா சுருங்கியிருக்கறது சாதாரணம். சுரண்டின கரி எஞ்சினுக்குள்ள விழக்கூடாது, அதனால மேனிஃபோல்ட கழட்டித்தான் செய்யணும்.

புகையே இல்ல, முழு பெடல் குடுத்தா மூச்சு வாங்குது. டீசல் பக்கம் என்னென்ன பாக்கணும்?

ஃபில்டர்ல ஆரம்பிங்க. எப்ப மாத்தினதுன்னு உங்களுக்கே ஞாபகம் இல்லன்னா அதுவே பதில். பழைய ஃபில்டர ஒரு வெள்ளைத் தட்டுல கொட்டிப் பாருங்க, அடியில தண்ணி முத்து முத்தா உருளுதா, கருப்பு சகதி இருக்கா, துரு இருக்கா. துரு இருந்தா டேங்க் கழட்டி சுத்தம் பண்ணாம புது ஃபில்டர் போட்டு பிரயோஜனம் இல்ல, மறுபடி அடைக்கும். டேங்க் உள்ள இருக்கற ஜல்லடையும் அடைக்கும், ஃபில்டர் மட்டும் மாத்தறவங்க அத மறந்துடறாங்க.

அடுத்து காத்து நுழையறது. டேங்க்ல இருந்து பம்ப் வரைக்கும் உறிஞ்சற லைன்ல எங்கயாவது ட்யூப் விரிஞ்சிருந்தா டீசல் வெளிய ஒழுகாது, காத்து உள்ள போகும். கொஞ்ச தூரம் தெளிவான ட்யூப் மாட்டி ஓட விட்டா குமிழி போறது கண்ணுக்குத் தெரியும். காலைல ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்குது, இழுவையும் இல்லன்னா இத சந்தேகப்படுங்க.

அரை மணி நேரம் ஓட்டினப்புறம்தான் பவர் குறையுதா? டேங்க் மூடியத் திறந்து பாருங்க. உஸ்னு காத்து உள்ள போயி வண்டி கொஞ்ச நேரத்துக்கு சரியாயிட்டா டேங்க் பிரீதர் அடைச்சிருக்கு.

டீசல்லயே சந்தேகம்னா பங்குல டென்சிட்டி பாக்கச் சொல்லுங்க. ஜாரும் ஹைட்ரோமீட்டரும் வச்சிருக்கணும், கேட்டா காட்டணும். முகம் சுளிச்சா அடுத்த பங்குக்கு போங்க.

இதெல்லாம் சரியா இருந்தும் லோடுல பிரஷர் வரலன்னா பம்ப்ல டீசல் அளவக் கட்டுப்படுத்தற மீட்டரிங் யூனிட், டொயோட்டாவுல எஸ்சிவின்னு சொல்வாங்க, அது மாட்டியிருக்கலாம், பம்ப்ப விட ரொம்ப மலிவு. அப்புறம்தான் இன்ஜெக்டர்.

இன்ஜெக்டர் நாலும் மாத்தணும்னு சொல்லிட்டாங்க. பெரிய தொகை வருதே?

ரிட்டர்ன் டெஸ்ட் பண்ணினாங்களான்னு கேளுங்க. நாலு இன்ஜெக்டரோட ரிட்டர்ன் ட்யூபையும் நாலு பாட்டில்ல விட்டு சில நிமிஷம் ஐடிலிங்ல ஓட விட்டா, எது உள்ளுக்குள்ள தேஞ்சிருக்கோ அந்த பாட்டில் மத்ததை விட சட்டுனு நிறையும். ஒண்ணே ஒண்ணு நிறைஞ்சா அந்த ஒண்ணால மொத்த ரெயில் பிரஷரும் இறங்கும், ஆனா அதுக்காக நாலையும் தூக்கிப்போடணும்னு இல்ல. கழட்டினதும் பம்ப் ஒர்க்‌ஷாப்புல பெஞ்ச்ல ஏத்தி ரிப்போர்ட் வாங்குங்க, அவங்க அச்சடிச்சே குடுப்பாங்க.

திரும்ப மாட்டும்போது ரெண்டு விஷயம். அடியில இருக்கற காப்பர் வாஷர் புதுசா இருக்கணும், பழசையே போட்டா கேஸ் கசிஞ்சு சுத்தி தார் மாதிரி கரி கட்டும். புது இன்ஜெக்டர்னா மேல அச்சடிச்சிருக்கற கோட ஸ்கேனர் மூலமா ஈசியூல எழுதணும், இத விட்டுட்டா புது இன்ஜெக்டர் போட்டும் எஞ்சின் தட்டிக்கிட்டு புகைக்கும்.

கோட் இல்ல, புகை இல்ல, பூஸ்ட் ரெயில் எல்லாம் சரி. ஆனாலும் இழுக்கல!

தரை மேட்ட எடுத்துட்டு பெடலை மிதிங்க. சிரிக்காதீங்க, கம்பெனி மேட் மேல 7டி மேட், அதுக்கு மேல ரப்பர் மேட்னு போட்டு பெடல் முக்காவாசிதான் கீழ போற வண்டி நிறைய இருக்கு. ஸ்கேனர்ல பெடல் அளவு இருந்தா மெதுவா மிதிச்சு நடுவுல துள்ளாம சீரா ஏறுதான்னு பாருங்க.

அப்புறம் டயர். 235/70 ஆர்16 இருந்த வண்டிக்கு பந்தாவா இருக்குன்னு 245/75 ஆர்16 போட்டா டயர் விட்டம் 735 மி.மீல இருந்து 774 மி.மீ ஆகுது, 5 சதவீதத்துக்கு மேல. எல்லா கியரும் அந்த அளவுக்கு உயர்ந்த மாதிரி ஆயிடும், டயர் வெயிட்டும் கூடும். மீட்டர் 60 காட்டும்போது நிஜத்துல 63 போகும், அதனால வண்டி இன்னும் மந்தமா தெரியும். டயர் மாத்தின மாசமும் பிக்கப் போன மாசமும் ஒண்ணா இருந்தா மெக்கானிக்கிட்ட போகவே வேண்டாம்.

பின்னாடி பிரேக் லைட் அணையாம எரியுதான்னும் பாத்துக்கங்க. பிரேக் சுவிட்ச் மாட்டிக்கிட்டா சில வண்டிகள்ல நீங்க பிரேக் மிதிச்சிருக்கறதா நினைச்சு ஈசியூ பெடலுக்கு பவர் குடுக்காது.

சமவெளியில ஓகே, கொல்லிமலை ஏறும்போது மட்டும் திணறுது?

70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் வேகம் 15, 20க்கு இறங்கி ஆர்பிஎம் 1300க்கு கீழ போகுது, அங்க எந்த டர்போ டீசலும் நல்லா இழுக்காது, ஒண்ணாவது கியர் போட வேண்டிய இடத்துல ரெண்டாவதுல இழுக்கப் பாக்கறோம். அத முதல்ல ஒதுக்கிடுங்க. ஒண்ணாவதுல 2000ல வச்சும் இழுக்கலன்னா அப்ப நிஜமான குறை, மலை அத வெளிய காட்டிக்குடுக்குது. கூடவே டெம்பரேச்சர் முள் ஏறுதான்னு பாருங்க, சூடு கூடினா ஈசியூவே ஏசியையும் டீசலையும் குறைக்கும், அப்ப வைத்தியம் ரேடியேட்டருக்கும் ஃபேன் கப்ளிங்குக்கும்.

எஞ்சின் ரீபோர் (சிலிண்டர திரும்ப கடையறது) பண்ற நிலைமைக்கு வந்துடுச்சான்னு எப்படித் தெரியும்?

வண்டிய நிறுத்தி எஞ்சின் ஐடிலிங்ல ஓடும்போது ஆயில் மூடியத் திறங்க. லேசா ஆவி வர்றது பரவால்ல, மூடிய வச்சா தூக்கி எறியற அளவுக்கு குபுகுபுன்னு தள்ளினா ரிங் பக்கம் கேஸ் இறங்குது. அதுக்கப்புறம் கம்ப்ரெஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டர்ல எவ்ளோ அழுத்தம் ஏறுதுன்னு அளக்கறது. டீசல்ல 25ல இருந்து 30 பார் சாதாரணம், நாலு சிலிண்டரும் ஒண்ணுக்கொண்ணு நெருக்கமா இருக்கறதுதான் முக்கியம், ஒண்ணு மட்டும் ரொம்ப கீழ இருந்தா தலைவலி அங்க. இந்த டெஸ்ட் பண்ணாம "எஞ்சின் வீக்"னு சொல்றவர்கிட்ட எஞ்சினக் குடுக்காதீங்க.

டீகார்பனைசிங், டீசல் அடிடிவ், ரீமேப்?

காத்து வழியா ஸ்ப்ரே விட்டு அரை மணி நேரத்துல கரி போயிடும்னு சொல்றத நான் நம்பல, கட்டியான கரி அதுல கரையாது. அடிடிவ் லேசான இன்ஜெக்டர் அழுக்குக்கு உதவலாம், தேய்மானத்துக்கு உதவாது. ரீமேப்ப (பவர் ஏத்த ஈசியூ ப்ரோக்ராம மாத்தறது) இப்ப நினைக்கவே நினைக்காதீங்க, ஹோஸ் வெடிச்ச வண்டிக்கு ரீமேப் பண்ணா இன்னும் டீசல் ஊத்தி இன்னும் கரும்புகை தள்ளும், கிளட்ச்சும் சேந்து போகும்.

என்னோடது பெட்ரோல் எஸ்யூவி.

டர்போ இல்லாத பழைய பெட்ரோல்னா ஸ்பார்க் ப்ளக், காயில், த்ராட்டில் பாடி கரி, டேங்க்ல இருக்கற பெட்ரோல் பம்ப் பிரஷர், இந்த வரிசை. இதெல்லாம் சரியா இருந்து மேல ஆர்பிஎம்ல மூக்க அடைச்ச மாதிரி இருந்தா புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள உருகி அடைச்சிருக்கலாம். முன்னாடி இருக்கற ஆக்சிஜன் சென்சார கழட்டி அந்த ஓட்டையில பிரஷர் கேஜ் மாட்டினா தெரிஞ்சிடும். கன்வெர்ட்டர் தானா அடைக்காது, மிஸ்ஃபயரோ ஆயில் எரியறதோதான் அத அடைச்சிருக்கும், அந்தக் காரணத்த விட்டுட்டு புதுசு போட்டா அதுவும் போகும்.

2020க்கு அப்புறம் வந்த பிஎஸ்6 டீசலுக்கும் இது பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும், கூட டிபிஎஃப் (புகையில இருக்கற கரிய பிடிச்சு வச்சு எரிக்கற ஃபில்டர்) ஒண்ணு சேத்துக்கங்க. ஊருக்குள்ளயே சின்னச் சின்ன தூரம் ஓட்டற வண்டியில சேர்ற கரி எரிஞ்சு முடியறதுக்குள்ள வண்டிய ஆஃப் பண்ணிடறோம், அது அடைச்சு பவர் குறையும். லைட் வந்ததும் மேனுவல்ல சொல்ற மாதிரி ஹைவேல ஒரு ஓட்டம் ஓட்டுங்க, லைட்டோட மாசக்கணக்கா சுத்தாதீங்க.

வண்டிக்கு 14 வயசு. இவ்ளோ பாத்து செலவு பண்றது தேவையா, வித்துடலாமா?

சொந்த வண்டி ஆர்சி 15 வருஷத்துக்குத்தான், அப்புறம் எஃப்சி எடுத்து 5 வருஷத்துக்கு புதுப்பிக்கணும். அதனால பாடி சேசிஸ் துரு நிலைமைய முதல்ல பாருங்க, லிஃப்ட்ல ஏத்தி அடிய ஸ்க்ரூடிரைவரால தட்டிப் பாருங்க. சேசிஸ் கெட்டின்னா ஹோஸ், ஃபில்டர், வேக்யூம் ட்யூப், ஈஜிஆர் கிளீனிங் வரைக்கும் கண்ண மூடிட்டு செய்யலாம். டர்போவோ இன்ஜெக்டரோ மாத்தற நிலை வந்தா மட்டும் உக்காந்து கணக்கு போடுங்க. சேசிஸ் செல்லரிச்சிருந்தா பிக்கப்புக்கு ஒரு ரூபா கூட போடாதீங்க. விக்கறதா முடிவு பண்ணாலும் என்ன குறைன்னு வாங்கறவர்கிட்ட சொல்லிட்டு வில்லுங்க, எடுத்த டெஸ்ட் ரிப்போர்ட்டையும் கையில குடுத்துடுங்க, அவருக்கு அந்த செலவு மிச்சம்.